போக்கர் மேசையில் முடிவெடுக்கும் வேகம்

சதுரங்கத்தில், 1883-ஆம் ஆண்டு லண்டன் போட்டியில் இயந்திரக் கடிகாரம் மேசைமேல் வைக்கப்பட்டது முதல், சிந்திக்கும் நேரமும் ஆட்டத்தின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டு வருகிறது. போக்கர் என்னும் சீட்டாட்டமோ தன் வரலாற்றின் பெரும்பகுதியைக் கடிகாரம் இல்லாமலே கடந்தது. முறை வந்தவர் எத்தனை விநாடிக்குள் ஆட வேண்டும் என்று விதி வரையறுக்காததால், அந்த நேரத்தைச் செலவிடும் விதம் ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அப்படி விடப்பட்டதனாலேயே அது, கட்டும் பந்தயத்தின் அளவைப் போலவே, எதிரில் இருப்பவர் படித்தறியக்கூடிய செய்தியாகவும் ஆயிற்று. எந்தக் கையை, அதாவது எந்தச் சீட்டுகளை, ஆடலாம், எவ்வளவு கட்டலாம் என்பவற்றை இத்தொழிலின் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. எவ்வளவு விரைவாக ஆட வேண்டும் என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. லாஸ் வேகஸின் போக்கர் அறைகளில் நெடுங்காலம் ஆடிப் பிழைத்த இக்கட்டுரையாளர் கண்ட வரையில், முதல் இரண்டையும் நன்கு கற்றவர்கள்கூட மூன்றாவதில் பணத்தைக் கசியவிடுகிறார்கள்.

இன்று பெரும்பாலான மேசைகளில் நடப்பது டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் வகையாகும். இதில் 52 சீட்டுள்ள கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். பின்னர் மேசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டும், அடுத்து ஒன்றும், கடைசியாக ஒன்றும் திறக்கப்படும். இவை முறையே ஃப்ளாப், டர்ன், ரிவர் எனப்படுகின்றன. சீட்டு கைக்கு வந்ததும் ஒரு சுற்று, பொதுச் சீட்டுகள் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று என நான்கு பந்தயச் சுற்றுகள் நடைபெறும். முறை வந்தவர் பணம் கட்டாமல் முறையைக் கடத்தினால் அது செக். பிறர் கட்டியதற்குச் சமமாகக் கட்டினால் கால். அதற்கு மேல் உயர்த்தினால் ரெய்ஸ். சீட்டைப் போட்டுவிட்டு விலகினால் ஃபோல்ட். கட்டிய பணமெல்லாம் சேர்ந்து கிடக்கும் நடுக்குவியல் பாட் எனப்படும்.

இந்த நான்கு செயல்களுள் எதைச் செய்தார் என்பதோடு, எத்தனை நேரத்தில் செய்தார் என்பதையும் கூர்ந்து பார்ப்பவருக்கு நிறையக் கிடைக்கும். ஃப்ளாப்பில் எதிராளி பந்தயம் கட்டிய மறுநொடியே ஒருவர் கால் செய்தால், அவர் ரெய்ஸைப் பற்றியும் ஃபோல்டைப் பற்றியும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது தெளிவு. ரெய்ஸைப் பற்றி எண்ண வைக்கும் அளவுக்குக் கை வலுவாகவும் இல்லை, ஃபோல்டைப் பற்றி எண்ண வைக்கும் அளவுக்கு மெலிந்தும் இல்லை. ஆகவே அது நடுத்தரமான ஒரு ஜோடியாகவோ, ஐந்து சீட்டும் ஒரே சின்னமாக அமையும் ஃப்ளஷை எதிர்நோக்கி இன்னும் ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும் கையாகவோ இருக்கும் வாய்ப்பு மிகுதி. நெடுநேரம் எண்ணிவிட்டு ரெய்ஸ் செய்பவரின் நிலை வேறு: கட்டலாமா விடலாமா என்ற தயக்கம் அவருக்குப் பெரும்பாலும் இருந்திருக்காது, எவ்வளவு உயர்த்தினால் எதிராளி ஓடிவிடாமல் தொடர்வார் என்ற கணக்கிலேயே அந்த நேரம் போயிருக்கும். நெடுநேரம் எண்ணிவிட்டுச் செக் செய்பவரோ, கட்டப்போவதைப் போன்ற தோற்றம் காட்டி அடுத்த சீட்டைச் செலவில்லாமல் பார்க்க முயல்பவராகவே பெரிதும் இருக்கிறார்.

இதன் அடிப்படை உளவியலில் ஏற்கெனவே அறியப்பட்டதுதான். தெரிவு செய்யவேண்டியவற்றின் எண்ணிக்கை கூடக்கூட எதிர்வினைக்கு ஆகும் நேரமும் மடக்கை விகிதத்தில் கூடும் என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர் டபிள்யூ. இ. ஹிக் 1952-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அவர் ஆராய்ந்தவை விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய செயல்கள். போக்கர் முடிவு அவற்றைவிடப் பன்மடங்கு சிக்கலானது. ஆயினும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரம், அவர் மனத்தில் எத்தனை வழிகள் திறந்திருந்தன என்பதைச் சுட்டுகிறது என்ற அளவில் அந்த உண்மை மேசைக்கும் பொருந்துகிறது.

நேரத்தின் வழியே செய்தி கசிவதை அடைக்கத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கைக்கொள்ளும் வழி, எளிய முடிவுக்கும் கடினமான முடிவுக்கும் முதல் சுற்றுகளில் இயன்றவரை ஒரே கால அளவைக் கொடுப்பதாகும். இதற்கான முதற்பயிற்சி மிகச் சிறியது. தமக்கு வந்த இரண்டு சீட்டுகளை வந்தவுடன் பார்க்காமல், தம் முறை வந்தபிறகே பார்ப்பது. புதிதாக ஆட வருபவர், சீட்டைப் பகிரும் டீலர் அதை வீசிய கணமே விளிம்பைத் தூக்கிப் பார்த்துவிடுகிறார். கை நன்றாக இல்லையென்றால் உடல் தளர்ந்து பின்னால் சாய்கிறது, நன்றாக இருந்தால் முதுகு நிமிர்கிறது, முறை வருவதற்குள்ளேயே பாதி மேசைக்குச் செய்தி போய்விடுகிறது. முறை வரும்வரை தம் சீட்டைத் தொடாதவருக்கோ மறைக்க எதுவுமில்லை. மற்றவர்கள் தத்தம் சீட்டைப் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். போக்கர் நூலாசிரியர் மைக் கேரோ 1984-ல் வெளியிட்ட நூலில் கூறிய அடையாளங்களுள் ஒன்று, பொதுச் சீட்டைக் கண்டதும் ஒருவரின் கண் ஒரு நொடி தம் சிப்புகளின் பக்கம் தாழ்ந்து மீள்வது. பணத்துக்கு மாற்றாக மேசையில் வைக்கப்படும் அந்த வில்லைகளை அவர் நாடுகிறார் என்றால், வந்த சீட்டு அவருக்குப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். ஃப்ளாப் திறக்கப்படும்போது பொதுச் சீட்டைப் பார்க்காமல் எதிராளியின் முகத்தைப் பார்ப்பவருக்கே இந்த ஒரு நொடி கிட்டும். சீட்டு எங்கும் ஓடிவிடாது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, மனத்துக்குள் ஒரு சீரான எண்ணிக்கை. சீட்டு வந்த முதல் சுற்றில் மூன்று வரையும் ஃப்ளாப்பில் ஐந்து வரையும் எண்ணிவிட்டு ஆடுவது இக்கட்டுரையாளரின் வழக்கம். அந்த இடைவெளி வெறுமனே கழிவதன்று. பாட் எவ்வளவு, எதிராளியிடம் மிச்சம் எவ்வளவு, அவர் எந்த இடத்திலிருந்து உயர்த்தினார், தமக்குப் பின்னால் ஆடவேண்டியவர் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகளும் அதே வரிசையில் அதற்குள் கேட்டு முடிக்கப்பட வேண்டும். தூக்கியெறிய வேண்டிய மோசமான கைக்கும் இதே எண்ணிக்கை தேவை. அதைத் தவிர்த்தால் மற்ற இடங்களில் காக்கும் சீர்மை பயனற்றுப் போகும். போக்கரின் உலகத் தொடரில் (வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்) 1995-ஆம் ஆண்டின் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன், ஒரே வகைக் கையை எப்போதும் ஒரே விதமாக ஆடிவிடாமல் இருக்கக் கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து, அது நிற்கும் இடத்தைக்கொண்டு முடிவு செய்யலாம் என்று தம் நூலில் பரிந்துரைத்தார். அவர் கருதியது வேறு பயன் என்றாலும், கடிகாரத்தைப் பார்க்கும் அந்தச் சிறு இடைவெளி ஆட்டத்தின் வேகத்தையும் சீராக்குகிறது.

இவ்வளவும் முதல் சுற்றுகளுக்கே பொருந்தும். கடைசிச் சுற்றான ரிவரில், எதிராளி கட்டிய பந்தயத்துக்குக் கால் செய்வதா ஃபோல்ட் செய்வதா என்ற முடிவோடு அந்தக் கை முடிந்துவிடும் நிலையில், எடுத்துக்கொள்ளும் நேரத்தால் வெளியாகும் செய்தி எதிராளிக்குப் பயன்படாது. அதை வைத்து அவர் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. ஃப்ளாப்பில் கசிந்த செய்தியோ டர்னிலும் ரிவரிலும் ஆடுபவருக்கு எதிராகவே திரும்பும். பணத்தின் அளவோ இதற்கு நேரெதிராகச் செல்கிறது: ஒவ்வொரு சுற்றிலும் பாட் பெருகிக்கொண்டே வருவதால் மிகப் பெரிய தொகை கடைசி முடிவில்தான் தொங்குகிறது. செய்தி கசிந்தால் கேடு விளையும் இடத்தில் நேரத்தைச் சீராக வைத்து, கசிந்தாலும் கேடில்லாத, பணம் குவிந்த இடத்தில் தாராளமாகச் செலவிடுவதே முறை. பெரும்பாலோர் செய்வது இதற்குத் தலைகீழானது. ஃப்ளாப்பில் முகத்தைச் சுளித்து நீள யோசித்துவிட்டு, ரிவரில் பெரிய பந்தயத்தின் முன் மேசையே தம்மைப் பார்க்கிறது என்ற கூச்சத்தில் அவசரப்பட்டுக் கால் செய்கிறார்கள்.

இதை ஒரு கையைக்கொண்டு விளக்கலாம். முதல் சுற்றுக்கு முன் இருவர் கட்டாயமாகக் கட்டும் பிளைண்ட் தொகை 2 டாலரும் 5 டாலருமாக உள்ள மேசையில், எதிராளி 15 டாலருக்கு உயர்த்த, கிளாவர் ராஜாவும் கிளாவர் ஜாக்கியும் வைத்திருப்பவர் கால் செய்கிறார். பிளைண்ட் கட்டிய இருவரும் விலகியதால் பாட் 37 டாலர். ஃப்ளாப்பில் ஆட்டின் ராஜா, இஸ்பேட் 9, இஸ்பேட் 4 வருகின்றன. எதிராளி 25 கட்ட இவர் கால் செய்கிறார், பாட் 87. டர்னில் டைமண்ட் 7. எதிராளி 60 கட்ட மறுபடியும் கால், பாட் 207. ரிவரில் கிளாவர் 2 வந்ததும் எதிராளி 200 டாலரை முன்னே தள்ளுகிறார். இப்போது 200 கட்டினால் வெல்லக்கூடியது 407. அதாவது மூன்று முறைகளில் ஒருமுறைக்குச் சற்றுக் குறைவாக வென்றாலே கால் நட்டமாகாது. எதிராளியிடம் இவருடைய ராஜா ஜோடியை வெல்லும் முதன்மையான கைகளாக இரண்டு ஏஸ் 6 விதமாகவும், ஏஸும் ராஜாவும் 8 விதமாகவும் அமையலாம். 9, 7, 4 ஆகியவற்றுள் ஒன்றின் ஜோடியைக் கையில் வைத்து மூன்றாக்கிக்கொண்டவை ஒவ்வொன்றும் 3 விதமாக 9. ஆக 23 சேர்க்கைகள். ராஜாவும் ராணியும் வைத்திருப்பவர் இவ்வளவு பெரிதாகக் கட்டமாட்டார் என்று கொண்டால், எதிராளியிடம் வெறும் மிரட்டலாக, அதாவது பிளஃப் ஆக, ஏறத்தாழ 12 சேர்க்கைகள் இருக்குமானால் கால் சரி; அதற்குக் குறைந்தால் ஃபோல்ட்.

அந்தப் பன்னிரண்டைத் தேடிப் பார்ப்பதற்குத்தான் நேரம் வேண்டும். ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-10, ராணி-ஜாக்கி, ராணி-10, ஜாக்கி-10 என இரண்டு சீட்டும் இஸ்பேடாக இருந்து ஃப்ளஷ் அமையாமல் போன கைகள் ஒவ்வொன்றும் ஒரே விதமாக மட்டுமே அமையும். இவருடைய கையில் இஸ்பேட் எதுவும் இல்லை என்பதால் அவற்றுள் ஒன்றும் குறைவதில்லை. சிறிய இஸ்பேடுகளையும் முதல் சுற்றில் உயர்த்துபவரா எதிராளி என்பதை அதற்கு முந்தைய ஒரு மணி நேர ஆட்டத்தைக்கொண்டு நினைவுகூர வேண்டும். இவையெல்லாம் அரை நிமிடத்துக்கும் மேல் எடுக்கக்கூடிய வேலை. ஆனால் இதில் பெரும்பகுதி ரிவருக்காகக் காத்திருக்கவில்லை. டர்னில் 60 டாலர் விழுந்தபோதே, அடுத்து இஸ்பேட் வராமல் அவர் பெரிதாகக் கட்டினால் என்ன செய்வது என்று கேட்டு வைத்தவர், ரிவரில் சரிபார்க்க மட்டுமே செய்கிறார். கண நேரத்தில் சரியாக முடிவெடுப்பவர்கள் என்று பெயர் பெற்றவர்களின் திறமை பெரும்பாலும் இத்தகையது. அவர்கள் முந்தைய சுற்றிலேயே சிந்தித்து முடித்துவிட்டவர்கள்.

இயந்திரத்துக்கும் எல்லா முடிவுக்கும் ஒரே நேரம் போதவில்லை என்பது இங்கே குறிக்கத்தக்கது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுனும் டூமாஸ் சான்ட்ஹோமும் 2019-ல் வெளியிட்ட ப்ளூரிபஸ் என்னும் நிரல், ஆறு பேர் ஆடும் ஹோல்டெமில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. சூழலைப் பொறுத்து ஒரு தேடலுக்கு அது எடுத்துக்கொண்டது 1 விநாடி முதல் 33 விநாடி வரை. தன்னுடைய நகல்களோடு ஆடும்போது ஒரு கையைச் சராசரியாக 20 விநாடியில் முடித்தது. மனிதர்களின் வேகத்தைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு.

நேரம் கிடைத்தும் முடிவு தவறலாம் என்பதற்கு இத்துறையில் அனைவரும் அறிந்த சான்று, லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவில் 2003-ல் நடந்த உலகத் தொடர் இறுதியில் உள்ளது. டென்னசி மாநிலத்துக் கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் சிறு தொகைக்கு ஆடி வென்ற நுழைவைக்கொண்டு 839 பேர் கலந்துகொண்ட அப்போட்டிக்கு வந்தவர். எதிரில் அனுபவம் மிக்க சாமி ஃபார்ஹா. ஒரு கையில் இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8, ஆட்டின் 3 என்று பொதுச் சீட்டுகள் அமைந்தன. இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7-உம் வைத்திருந்த மணிமேக்கருக்கு எதுவும் கூடவில்லை. இருந்தும் அவர் தம்மிடமிருந்த சிப்பு முழுவதையும் ரிவரில் கட்டினார். இஸ்பேட் ராணியும் ஆட்டின் 9-உமாக மேல் ஜோடி வைத்திருந்த ஃபார்ஹா, ஃப்ளஷ் கூடாமல் போயிற்றோ என்ற சந்தேகத்தை வாய்விட்டே சொன்னார். பிறகு சீட்டைப் போட்டுவிட்டார். அவருடைய ஊகம் சரியாகவே இருந்தது, நேரமும் இருந்தது. எதிரில் இருந்தவரோ அசைவில்லாமல், தம் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு துணுக்கும் தராமல் அமர்ந்திருந்தார். நீள யோசிப்பவர் தேடுவது பெரும்பாலும் அப்படியொரு துணுக்கையே. அது கிடைக்காதபோது, ஏற்கெனவே எட்டிய சரியான ஊகத்தைத் தாமே கைவிடும் அபாயம் கூடுகிறது. அந்த ஆண்டு 25 லட்சம் டாலர் முதற்பரிசை வென்றவர் மணிமேக்கர்.

நேரத்தைச் சீராக்கியவர்களின் கை அசைவும் சீராக வேண்டும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. உளவியலாளர் மைக்கேல் ஸ்லெபியனும் அவருடைய குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 2009 உலகத் தொடரின் ஒளிப்பதிவுகளிலிருந்து சிப்புகளைத் தள்ளும் காட்சிகள் பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டன; முகத்தை மட்டும் பார்த்தவர்களால் கையின் வலுவைக் கணிக்க இயலவில்லை, புயத்தின் அசைவை மட்டும் பார்த்தவர்கள் தற்செயலைவிட நன்றாகக் கணித்தார்கள். வலுவான கை உள்ளவரின் புயம் தடையின்றி நகர்கிறது. முகத்தைக் கல்லாக்கிக்கொள்ளப் பல ஆண்டு பழகியவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

வேகம் தானாகவே மாறிவிடும் நேரம் ஒன்று உண்டு. அது பெரிய தோல்விக்குப் பின் வரும் அரைமணி. பொறுமை இழந்து நிலைகுலைந்து ஆடுவதை இத்தொழிலில் டில்ட் என்பார்கள். அதன் முதல் அறிகுறியாக இக்கட்டுரையாளர் கொள்வது கோபத்தையோ பேச்சையோ அன்று, எண்ணிக்கை விட்டுப்போவதையே: மூன்று வரை எண்ணுபவர் ஒன்றிலேயே சிப்பைத் தள்ளியிருப்பார், கேள்விகளில் இரண்டு கேட்கப்படாமல் போயிருக்கும். கை மனத்தை முந்திவிட்டது என்று தெரிந்த அந்தக் கணமே மேசையை விட்டு எழுவது நல்லது. நள்ளிரவுக்குப் பிந்தைய களைப்பிலும் இதுவே நடக்கிறது.

மெதுவாக ஆடுவதற்கும் ஒரு விலை உண்டு, அதைச் செலுத்துபவர்கள் மற்றவர்கள். ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 கைகள் நடைபெறும். ஒரு கைக்கு இரண்டு நிமிடம். தேவையில்லாமல் ஒருவர் இரண்டு நிமிடம் யோசித்தால் எட்டுப் பேர் ஒரு கையை இழக்கிறார்கள். போட்டிகளில் கட்டாயப் பந்தயம் குறிப்பிட்ட நேரத்துக்கொருமுறை உயர்த்தப்படுவதால் இழப்பு இன்னும் கடுமையானது; உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் ஒரு நிலை 2 மணி நேரம் நீடிக்கும், ஆனால் 20 நிமிட நிலைகள் கொண்ட சிறு போட்டியில் ஒரு நிலைக்குப் பத்துக் கைகளே கிடைக்கும். ஆகவே யாரேனும் அளவுக்கு மீறி யோசித்தால் கடிகாரம் கேட்கும் உரிமை விதியில் உள்ளது. 2001-ல் தொடங்கப்பட்ட டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷனின் இன்றைய விதிப்படி, கடிகாரம் கேட்கப்பட்டவருக்கு 25 விநாடியும் அதன்பின் 5 விநாடி எண்ணிக்கையும் தரப்படும்; அதற்குள் ஆடாவிட்டால், எதிரில் பந்தயம் இருந்தால் கை செத்ததாகவும் இல்லாவிட்டால் செக் செய்ததாகவும் கொள்ளப்படும். வேர்ல்ட் போக்கர் டூர் என்னும் போட்டித் தொடர் 2017 முதல் தன் போட்டிகளின் பிற்பகுதியில் ஒவ்வொரு முடிவுக்கும் 30 விநாடி என வரையறுத்து, கூடுதல் நேரம் வேண்டுபவர் முன்னரே தரப்பட்ட நேரச் சிப்பைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதை எதிர்த்தவர்கள் உண்டு. இக்கட்டுரையாளர் முழுமனத்தோடு வரவேற்றவர்.

அந்த வரவேற்புக்கு முதன்மையான காரணம், பரிசு எல்லைக்கு மிக அருகில் நிகழும் ஒரு கேடு. இன்னும் ஒருசிலர் வெளியேறினால் எஞ்சியோர் அனைவருக்கும் பரிசு என்ற நிலையில், சிப்பு குறைந்தவர் எறியவேண்டிய கையையும் பிடித்துக்கொண்டு யோசிப்பதுபோல் நடிப்பார். வேறு மேசைகளில் பிறர் வெளியேறும்வரை தம் மேசையில் கைகள் குறைய வேண்டும் என்பதே அவர் நோக்கம். இது சிந்தனையன்று, பிறர் நேரத்தைத் திருடுவது. இதைத் தடுக்கவே எல்லா மேசைகளும் ஒரு கையை முடித்துவிட்டு மற்ற மேசைகளுக்காகக் காத்திருக்கும் கைக்குக் கை முறை வந்தது. ஆனால் அது தொடங்குவதற்கு முந்தைய கால் மணியில் இக்கேடு தடையின்றி நடக்கிறது.

இணைய ஆட்டத்தில் மென்பொருளே விநாடிகளை எண்ணிக் காட்டும். முறை வருமுன்பே செக் அல்லது ஃபோல்ட் எனக் குறித்து வைக்கும் கட்டங்களும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துபவரின் செயல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து விழுவதால், அவர் கையில் ஏதுமில்லை என்று எதிராளி உறுதி செய்துகொள்கிறார். எனவே அக்கட்டங்களைத் தொடாதிருப்பது நலம். வேகத்தின் எல்லையைக் காட்டியவர் இணைய ஆட்டக்காரர் ரேண்டி லூ. 2012 ஜனவரியில் பஹாமாஸில் ஒரே நேரத்தில் பல மேசைகளைத் திறந்து 8 மணி நேரத்தில் 23,493 கைகளை ஆடினார், சராசரியாக ஒரு கைக்கு 1.2 விநாடி. எட்டு மணி நேர முடிவில் அவருக்கு மிஞ்சிய லாபம் சில டாலர்களே என்றாலும், அந்த வேகத்தில் நட்டமில்லாமல் முடித்ததே பெரிது. ஒவ்வொரு தொடக்கக் கைக்கும் என்ன செய்வது என்பதை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே தீர்மானித்து மனத்தில் இருத்தியவருக்கன்றி அது இயலாது.

பந்தயம் முடிந்து சீட்டைத் திறந்து காட்டும் கட்டத்தில் மட்டும் தாமதத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. வெல்வது உறுதி என்று தெரிந்தும், எதிராளி தாம் வென்றதாக நம்பும்வரை காத்திருந்து மெல்லத் திறப்பதை ஸ்லோ ரோல் என்பார்கள். விதி இதற்குத் தண்டனை விதிக்காத அறைகளிலும் அதைச் செய்பவரோடு பேச்சை நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. போட்டிகளில் ஒருவர் தம் சிப்பு முழுவதையும் கட்டி, பந்தயம் நிறைவடைந்துவிட்டால், கையில் உள்ளவர்கள் அனைவரும் உடனே சீட்டை மலர்த்தி வைத்தாக வேண்டும். மற்ற மேசைகளில் கால் செய்யப்பட்டவர் முதலில் காட்டுவது மரபு என்றாலும், வென்ற கை தம்மிடம் இருப்பதாகத் தெரிந்தவர் அந்த மரபுக்காகக் காத்திராமல் இரண்டு சீட்டையும் டீலர் முன் மலர்த்தி வைத்துவிடுகிறார்.